வரிசை மாறினால்

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து இவ்வளவு நேரமாகியும் விரல்நுனியில் எலுமிச்சைச் சாதத்து மஞ்சள் போகவில்லை, கை கழுவுகிற இடத்தில் சோப்பு தீர்ந்துபோய் யாரும் வைக்கவுமில்லை, அந்த மஞ்சள் விரல்களைக் கீபோர்டின் மேல் சும்மா வைத்துக்கொண்டு இசக்கி திரையில் இருந்த ஒற்றை வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வரி. அவளே எழுதியது. காலையில் எழுதி முடித்தபோது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது உண்மை, இப்போது அதைப் பார்க்கப் பார்க்க என்னவோ சரியில்லை என்று படுகிறது, என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலு மணிக்குக் கூட்டம். அந்த வரியைப் பெரிய திரையில் போட்டு, இனி இந்தக் கம்பெனியில் யார் மென்பொருளுக்குச் சோதனை எழுதினாலும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டும், எல்லாரும் தலையாட்ட வேண்டும். அது பெரிய விஷயமில்லை, ஆட்டிவிடுவார்கள். பெரிய விஷயம் மூன்று மணிக்கு. மூன்று மணிக்கு வேளச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் மகள் தன்விகாவை, தனுவை, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து ஏழு கேள்வி கேட்பார்கள், தனு ஏழு பதில் சொல்ல வேண்டும், சொன்னால் எல்.கே.ஜி.யில் இடம், சொல்லாவிட்டால் ஏற்கெனவே மூன்று பள்ளிக்கூடத்தில் சொன்னதையே இவர்களும் சொல்வார்கள், குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க மேடம், அடுத்த வருஷம் பார்க்கலாம். அடுத்த வருஷம் தனுவுக்கு வயது தாண்டிவிடும். கணவன் கோமதிநாயகம் அரைநாள் லீவு போட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். இசக்கி போகவில்லை. கூட்டம் இருக்கிறதே என்று சொல்லிவிட்டாள். கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தள்ளிவைத்திருப்பார்கள், அவள் கேட்கவில்லை, கேட்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவுமில்லை. ஃபோனை மேசையில் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

வரிக்கு வா, வரிக்கு வா என்று தன்னைத்தானே இழுத்தாள். இந்தக் கம்பெனி மருந்து மொத்த வியாபாரிகளுக்கு மென்பொருள் செய்து விற்கிறது. மென்பொருளின் ஒரு பகுதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டுமானால் அது பேசுகிற மற்றவர்களை, கிடங்கை, வங்கியை, லாரி ஆபீஸை, ஒவ்வொரு தடவையும் நிஜமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது, அவர்கள் இடத்தில் ஒரு போலியை உட்காரவைத்துவிடுவார்கள், மாக் என்பார்கள் அதை. மாக்குக்கு ஒன்றும் தெரியாது. கிடங்கில் எத்தனை பெட்டி என்று கேட்டால் நாற்பது என்று சொல் என்று சொல்லிக்கொடுத்திருந்தால் நாற்பது என்று சொல்லும், அதற்குக் கிடங்கும் கிடையாது பெட்டியும் கிடையாது. அப்படிச் சொல்லிக்கொடுப்பதற்கு இத்தனை நாள் இருந்த முறையைக் கண்டாலே இசக்கிக்கு எரிச்சல் வரும். கல்யாணப் பத்திரிகை மாதிரி, தாத்தா பெரியப்பா தாய்மாமன் என்று எல்லார் பெயரும் பட்டமும் ஊரும் வந்து முடிந்தபிறகுதான் பெண்ணின் பெயர் வரும், நாற்பது என்ற ஒரு எண்ணைச் சொல்லவைக்க ஒரு பக்கம் எழுத வேண்டும். பல மாதமாக அதை அவள் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஆபீசில் ஆங்கிலத்தில்தான் எழுதுவாள், மனதுக்குள் வாசிக்கும்போது அது தமிழில்தான் ஓடும். கிடங்கு, இருப்பைக் கேட்டால், தரும் நாற்பது. கிடங்கு, விலையைக் கேட்டால், தரும் பன்னிரண்டு. யார் வாசித்தாலும் புரியும், திருநெல்வேலியில் அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால்கூடச் சரி அதுக்கென்ன என்பாள். அதோடு நின்றிருக்கலாம். நிற்கிற புத்தி அவளுக்கு இல்லை. கேட்டால், கேட்டால் என்று ஒவ்வொரு வரியிலும் வந்துகொண்டே இருந்தது கண்ணை உறுத்தியது, நிரல் எந்த வரிசையில் கேட்கும் என்பதுதான் தெரியுமே, பிறகு கேள்வியை எதற்கு எழுத வேண்டும். எடுத்துவிட்டாள். கிடங்கு, தரும் நாற்பது, பன்னிரண்டு. முதல் கேள்விக்கு முதல் பதில், இரண்டாவதுக்கு இரண்டாவது, பதில்கள் தீர்ந்துபோனால் கடைசிப் பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். துடைத்துவைத்த சமையலறை மேடை போல அந்தப் பக்கம் காலியாகிவிட்டது. வீட்டு மேடையை இப்படி அவளால் ஒருநாளும் வைத்துக்கொள்ள முடிந்ததில்லை.

"அக்கா, ஒண்ணு காட்டவா?" என்றான் தமீம். பக்கத்து இருக்கைக்காரன், கீழக்கரைப் பையன், போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவன், யாருடைய மனதையும் நோகடிக்கக் கூடாது என்பதற்காகவே எதையும் சுற்றிவளைத்துச் சொல்லுகிறவன், அவன் நேராகக் காட்டவா என்றதும் இசக்கிக்குச் சுருக்கென்றது. நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.

"உங்க வரிய வெச்சு எழுதிப் பாத்தேன். அழகா இருக்கு, அதுல ஒண்ணுமில்ல. சும்மா ஒரு விளையாட்டுக்கு, உள்ள நிரல்ல ரெண்டு வரிய இடம் மாத்திப் போட்டேன். விலைய முதல்ல கேட்டுட்டு இருப்ப அப்புறமாக் கேக்குது."

"சரி, ஃபெயில் ஆயிருக்கும்."

"ஆகலக்கா. பாஸ்தான், பச்சை."

"எப்படி ஆகாம இருக்கும்? விலை கேட்டா நாப்பதுன்னு சொல்லியிருக்குமே."

"சொல்லியிருக்கு. இருப்பு கேட்டா பன்னெண்டுன்னு சொல்லியிருக்கு. நிரல் மொத்த மதிப்புக்கு ரெண்டையும் பெருக்குது, பெருக்கினா அதே நானூத்தி எம்பதுதானக்கா." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், யாருக்கோ உடம்பு சரியில்லை என்பது போல. "அது என்ன கேட்டாங்கன்னே பாக்கல. எத்தனாவதாக் கேட்டாங்கன்னு மட்டும்தான் பாக்குது."

"வரிசை மாறாதுன்னு வெச்சுத்தான் தமீம் எழுதினேன். யார் போயி மாத்தப்போறா?"

"நான் மாத்திட்டேன்ல," என்று சொல்லிவிட்டு, சொன்னது கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று பயந்தவன் போல, டீ வேணுமாக்கா என்று கேட்டான், வேண்டாம் என்றாள், எழுந்து போய்விட்டான்.

தன் இடத்துக்கு உருண்டு வந்தாள். என்ன கேட்டாங்கன்னே பாக்கல. சின்னப் பிழைதான், ஒரு வரியைத் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடும், கூட்டத்தில் நானே சொல்லிவிடலாம், நேர்மையான பெண் என்று பேராவது கிடைக்கும். எத்தனாவதாக் கேட்டாங்கன்னு மட்டும்தான் பாக்குது. நாற்பது பன்னிரண்டு என்று யோசிக்காமல் எடுத்த எண், பெருக்கினால் மாட்டிக்கொள்ளாத எண், கூட்டுகிற இடமாக இருந்தாலும் மாட்டிக்கொண்டிருக்காது, கழிக்கிற இடமாக இருந்தால்தான், சரி அதை விடு, கூட்டத்துக்கு என்ன சொல்வது என்று யோசி, என்று நினைத்தபோதே மனம் அங்கே நிற்காமல் வீட்டு ஹாலுக்குப் போய்விட்டது, போகக் கூடாத இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தே போனது. ஹாலில் பிளாஸ்டிக் முக்காலியில் தனு. எதிரே தரையில் இசக்கி. சாயங்காலம் ஆபீஸ் பையைக் கழற்றி வைத்ததும் முதல் வேலை அதுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் போன வருஷம் பிள்ளையைச் சேர்த்த ஒரு அம்மா அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள், எச்.எம். ஏழு கேள்விதான் கேட்பாங்க, எல்லாக் குழந்தைங்ககிட்டயும் அதேதான், அதே வரிசைதான், வருஷா வருஷம் மாத்தினதே இல்ல. பெயர் என்ன, வயசு என்ன, அப்பா பெயர் என்ன, ஆப்பிள் என்ன கலர், பசு என்ன தரும், பறவை எங்கே இருக்கும், உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும். ஆங்கிலத்தில் கேட்பார்கள், ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மூன்றரை வயதுவரை தண்ணி என்றுகூடச் சொல்லாத பிள்ளை, கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துக்கொண்டு போகிற பிள்ளை, ஒரு மாதத்தில் மை நேம் இஸ் தன்விகா என்றாள், அன்றைக்குக் கோமதிநாயகம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பால்கனிக்கும் சமையலறைக்குமாக நடந்தான், ஊருக்கு ஃபோன் போட்டு ஃபோனை அவள் வாயருகே பிடித்துச் சொல்லவைத்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ரெட். மில்க். நெஸ்ட். ஏழாவதுக்கு அம்மா. ஏழும் முடிந்தால் ஒரு கலர் மிட்டாய். ஒரே வரிசை. என்றைக்கும் ஒரே வரிசை. இசக்கி ஒரு நாளாவது மாற்றிக் கேட்டாளா. கேட்டிருப்பேன். கேட்டிருக்காமலா இருப்பேன். எப்போது கேட்டேன். நினைவு இங்கேயும் அங்கேயும் ஓடித் தேடியது, சமையலறையில், குளியலறையில், பஸ்ஸில், ஒரு இடத்திலும் அகப்படவில்லை, அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

தனுவின் அப்பா கேட்டார். அது அகப்பட்டுவிட்டது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து நின்றது. மழைக்குக் கரண்ட் போன அன்றைக்கு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஏய் தனுக்குட்டி, பசு என்னடா தரும் என்றார், சும்மா எடுத்த எடுப்பில். தனு நிமிர்ந்து உட்கார்ந்து மை நேம் இஸ் தன்விகா என்றாள். அவர் சிரித்தார். இசக்கி அவரைவிடச் சத்தமாகச் சிரித்தாள். பாருங்க, எவ்வளவு குறும்பு, உங்களையே ஓட்டுதா, என்று சொன்னது அவள்தான். அந்தச் சிரிப்பு இப்போது தன் காதிலேயே கேட்டது. குறும்பில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியும். தெரிந்துதான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன். மறுநாளிலிருந்து அவரைக் கேள்வி கேட்கவிடாமல் நான் மட்டுமே கேட்டேன், நீங்க கேட்டா அவளுக்குக் குழம்புது என்றேன், நல்ல மனுஷன், சரி சரி நீயே பாத்துக்கோ என்றுவிட்டார். பேச்சுப் பயிற்சிக்கு அடையாறுக்குப் போனோமே அந்தப் பெண்ணும், பாவம், சின்னப் பெண், கண்ணாடி போட்டிருப்பாள், ஒரு பூனைப் படத்தைக் காட்டி இது என்ன தனு என்றாள், பிறகு படத்தை மறைத்துவைத்து எங்கே போச்சு என்றாள், தனு அவள் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம், இவ காதுல கேக்குறது நல்லா கேக்குது, ஆனா கேட்டது உள்ள என்னவாப் போகுதுன்னு தெரியணும், ஒரு முழு சோதனை பண்ணிப் பாத்துரலாமா, இப்பவே பாத்தா எவ்வளவோ செய்யலாம் மேடம். எவ்வளவு மெதுவாகச் சொன்னாள். இசக்கி மறுபடி அங்கே போகவில்லை. அந்தப் பொண்ணுக்குப் பிள்ளைங்ககிட்டப் பழகவே தெரியல என்று கோமதிநாயகத்திடம் சொல்லிவிட்டாள். சோதனை எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள், காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுத்தவன் எழுதியது எங்கே உடையும் என்று தட்டித் தட்டிப் பார்க்கிறவள், தன் பிள்ளையை ஒருத்தி தட்டிப் பார்க்கிறேன் என்றதும் ஓடி வந்துவிட்டாள்.

மணி பார்த்தாள். மூன்று தாண்டியிருந்தது. உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். இளநீல கவுன், வேண்டாம் என்று அழுத வெள்ளை சாக்ஸ், தண்ணி பாட்டிலை விடமாட்டாள், வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்ல மறந்துபோனேன். இப்போது ஃபோன் பண்ணி என்ன சொல்வது. என்னங்க, அவங்களை வரிசை மாத்தாமக் கேக்கச் சொல்லுங்க. இல்லை, என்னங்க, மாத்திக் கேக்கச் சொல்லுங்க. எதைச் சொல்ல. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை, சங்கரன்கோவில் ஆவுடையம்மாளிடம் வாய் திறந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். வரிசை மாறினால் பிள்ளை மாட்டிக்கொள்வாள், இடம் இல்லை, இனி ஒரு பள்ளிக்கூடமும் இல்லை. மாறாவிட்டால் ஏழும் சொல்லிவிடுவாள், பச்சை, எல்லாரும் கை தட்டுவார்கள், அதற்குப் பிறகு ஒருவரும் தட்டிப் பார்க்கமாட்டார்கள், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்துவிடுவார்கள், மிஸ் கரும்பலகையைக் காட்டி என்னவோ கேட்பாள், தனு எழுந்து மை நேம் இஸ் தன்விகா என்பாள், பிள்ளைகள் சிரிக்கும், மறுநாளும் சிரிக்கும், மிஸ் கொழுப்பு என்று நினைப்பாள், அடிப்பாள், அடித்தால் ஏன் அடித்தார்கள் என்று சொல்வதற்கு அவளுக்கு எட்டாவது பதில் இல்லை. எட்டாவதாக எதைக் கேட்டாலும் அம்மா என்றுதான் சொல்வாள். தீர்ந்துபோனால் கடைசிப் பதில். நான் அப்படித்தானே எழுதியிருக்கிறேன். யாரை ரொம்பப் பிடிக்கும் என்ற கேள்விக்கு அம்மா என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான், அவர் பாவம் அப்பான்னு சொல்லிக்குடேன் என்று கெஞ்சினார், விட்டுக்கொடுக்கவில்லை, தினமும் சாயங்காலம் நானே கேட்டு நானே சொல்லவைத்து நானே கேட்டு மகிழ்ந்துகொண்டேன். அவள் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்ததே இல்லை. என் கையிலிருக்கும் மிட்டாயைப் பார்ப்பாள்.

எழுந்து கழிப்பறைக்குப் போனாள். தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தாள், கண்ணாடியில் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றா சொல்கிறாய், யார் சொன்னது, தெரியாமலா லிஃப்ட் கதவு மூடும்போது என் துப்பட்டா நுனியை இழுத்துக் கையில் சுருட்டிக்கொள்கிறாள், தெரியாமலா செருப்பையெல்லாம் பெரிதிலிருந்து சிறிதாக வாசலில் அடுக்குகிறாள், நான் ஒருநாள் தலைவலி என்று படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து படுத்து என் மூச்சோடு மூச்சு விட்டாளே, அது யார் சொல்லிக்கொடுத்தது. உள்ளே அவள் இருக்கிறாள். நிச்சயமாக இருக்கிறாள். அவள் மேல் நான்தான் ஏழு பதிலை ஒட்டிவைத்துவிட்டேன், இனி யார் வந்து தட்டினாலும் அந்த ஏழுதான் பேசும், உள்ளே இருக்கிறவளை யாரும் கூப்பிடப் போவதில்லை. அழுகை வந்தது. குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள், யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், சளி என்றாள், வந்தவள் ஒன்றும் கேட்கவே இல்லை.

திரும்பி வந்தபோது தமீம் அவள் மேசையில் ஒரு டீயை வைத்து மேலே ஒரு காகிதத்தை மூடிவைத்திருந்தான். குடிக்கவில்லை. திரையில் அந்த அழகான வரி. அதை அழித்தாள். கேள்விகளைத் திரும்ப எழுதினாள், ஒவ்வொன்றாக, இருப்பைக் கேட்டால், விலையைக் கேட்டால். அது போதாது. சொல்லிக்கொடுக்காத ஒன்றைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும், அதுதானே எல்லாம். இதுவரை இவள் எழுதியதில் மாக் அப்போதும் எதையாவது சொல்லிச் சமாளிக்கும், யாருக்கும் தொந்தரவு கூடாது, பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று இவளே வைத்த ஏற்பாடு. அதை எடுத்தாள். சொல்லித் தராததைக் கேட்டால் உடைந்துபோ, என்று எழுதினாள், இதை எனக்குச் சொல்லித் தரவில்லை என்று சிவப்பில் சத்தம் போடு, எந்தக் கேள்வி என்று சொல்லு, உடனே சொல்லு. வரி நீண்டது, கோணலானது, கூட்டத்தில் யாராவது பழையபடியே ஆயிடுச்சே மேடம் என்று கேட்பார்கள், கேட்கட்டும். சோதனைகளை ஓடவிட்டாள். காலையில் பச்சையாக இருந்ததெல்லாம் வரிசையாகச் சிவந்துகொண்டு வந்தது, தமீம் எட்டிப் பார்த்து, அடேயப்பா, என்று மட்டும் சொன்னான். இத்தனை நாள் இவ்வளவும் உள்ளே இருந்திருக்கிறது. அவள் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், அப்போது கவிழ்ந்து கிடந்த ஃபோன் மேசையில் அதிர ஆரம்பித்தது.

எடுத்துக் காதில் வைத்தபடி வராந்தாவுக்கு வந்தாள். "சொல்லுங்க," என்றாள்.

"இசக்கி," என்றான் கோமதிநாயகம். அழுதுகொண்டிருந்தான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எடம் கெடச்சிட்டுளா. ஏழும் சொல்லிட்டா. ஒண்ணுகூடத் தப்பில்ல. எச்.எம். மேடமே எந்திரிச்சு வந்து தலையத் தடவிக் குடுத்தாங்க, இம்புட்டுத் தெளிவாச் சொல்லுத பிள்ளைய இந்த வருசம் பாக்கலன்னாங்க. எம்பிள்ளைய எவன் எவன் என்னவெல்லாம் சொன்னான். எல்லாம் ஒன்னாலதான்டி. நீதான் உக்காந்து உக்காந்து..."

"எப்படிங்க கேட்டாங்க?"

"எப்படின்னா?"

"வரிசையாவா?"

"நீ கேப்பல்லா, அதே மாதிரிதான். பேரு, வயசு, வரிசையா. நான் பக்கத்துலயே நின்னேன்."

"அவகிட்டக் குடுங்க."

ஃபோன் கை மாறுகிற சத்தம், துணியில் உரசுகிற சத்தம், பிறகு மூச்சு, அந்த மூச்சை ஆயிரம் பேருக்கு நடுவிலும் அவளுக்குத் தெரியும். வேண்டாம், இதோடு விட்டுவிடு, கிடைத்துவிட்டது, இன்றைக்கு ஒருநாளாவது அவர் சந்தோஷமாக இருக்கட்டும், பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக்கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போகட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு, அடுத்த வாரம், நாளைக்கு என்றுதானே இத்தனை மாதம் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டாள்.

"தனு. அம்மா பேசறேன்டா. ஹூம் டூ யூ லைக் தி மோஸ்ட்?"

மூச்சு. பின்னால் எங்கோ மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள்.

"மை நேம் இஸ் தன்விகா," என்றாள் தனு, தெளிவாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல்.

இசக்கி சுவரோடு கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வராந்தாவில் போன இரண்டு பேர் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். கோமதிநாயகம் ஃபோனை வாங்கி, "பாத்தியா, இன்னும் அதே ஞாபகத்துல இருக்கா," என்று சிரித்தான். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

"என்னங்க, எச்.எம். மேடம் அங்க இருக்காங்களா?"

"இருக்காங்க, ரூம்லதான். ஏன்?"

"ஃபோனை அவங்ககிட்டக் குடுங்க."

"எதுக்கு? தேங்க்ஸ் நானே சொல்லிட்டேன். எல்லாம் முடிஞ்சிட்டுல்லா."

"குடுங்க."

"இசக்கி, எதுவும் பேசிக் காரியத்தக் கெடுத்துராத." அவன் குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் சிரித்ததும் நிஜச் சிரிப்பில்லையோ என்று அவளுக்கு முதல்தடவையாகத் தோன்றியது. "இத விட்டா வேற எடம் கெடையாது. ஒனக்கே தெரியும்."

"தெரியும். அவளுக்கு என்ன தெரியும்னுதான் நமக்குத் தெரியல. இப்பக் கேக்கலன்னா இனிமே நமக்குக் கேக்கத் தைரியம் வராதுங்க. எனக்கு வராது. குடுங்க."

ஃபோனை வைத்துவிட்டான் என்றே நினைத்தாள். பிறகு நடக்கிற சத்தம், கதவு, அவன் யாரிடமோ தணிந்த குரலில் என்னவோ சொல்வது, அதன்பிறகு வயதான ஒரு பெண்ணின் குரல், "சொல்லுங்கம்மா, கங்க்ராட்ஸ், ரொம்பச் சமத்துப் பொண்ணு," என்றது.

"மேடம், நான் தன்விகாவோட அம்மா. அவகிட்டக் கடைசிக் கேள்விய முதல்ல கேளுங்க," என்றாள் இசக்கி. "அவ பதில் சொல்லலன்னா, சொல்லலன்னு எனக்குச் சொல்லுங்க."